முக்கால் இஞ்ச் குழாய்

அட்டையில் பேனாவால் எழுதி, நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்: ‘அசல் கோ கார்ட். அசூசா. 1959. 450 டாலர்.’

மன்ரோவியாவில் ஒரு பழைய வீட்டின் கார் ஷெட். பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை காலை. அட்டை தொங்கிய பொருளில் எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, இருக்கை இல்லை. வளைத்து ஒட்டிய இரும்புக் குழாய்கள், முன்பக்கம் ஸ்டியரிங் தண்டு நுழைய ஒரு வளையம், பின்பக்கம் அச்சைத் தாங்க இரண்டு தகடு, அவ்வளவுதான். சிவப்புப் பெயிண்ட் பாதி உதிர்ந்துபோயிருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் உடைந்த கட்டில் என்பார்கள். என் கணவர் போட்டோவைப் பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னார்.

விற்கிற அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. அண்ணன் போன வருடம் இறந்துவிட்டாராம். வீட்டைக் காலி செய்கிறார். “அண்ணன் சின்ன வயசுல ஓட்டினது. அசூசா கம்பெனியில வாங்கினது. பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் வெர்னியர், அளவு டேப், ஒரு துண்டு உப்புத்தாள் எல்லாம் கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். 

நான் கோயம்புத்தூர் கணபதிக்காரி. அப்பா அங்கே கேட்டு, கிரில், சில சமயம் மில் இயந்திரங்களின் உடைந்த பாகங்கள் என்று ஒட்டிக்கொடுக்கிற வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குள் எனக்கு இடம் கிடையாது. சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். “கண்ணுல பொறி பட்டுரும் அம்மிணி, போ” என்பார். தம்பியின் கண்ணில் மட்டும் பொறி படாது போலிருக்கிறது. அவனுக்குப் பத்து வயதிலேயே கண்ணாடி கொடுத்துப் பக்கத்தில் நிற்கவைத்தார். தம்பி வங்கி வேலைக்குப் போனான், அப்பா பட்டறையை மூடினார், நான் இங்கே வந்து மென்பொருள் சோதிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், நாற்பதாவது வயதில், ஒரு கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்து வெல்டிங் கற்றுக்கொண்டேன். அப்பாவிடம் நான்கு மாதம் கழித்துத்தான் சொன்னேன். “எதுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

ஆக, எனக்கு ஒட்டிப் பழக ஒரு பொருள் வேண்டும். மகனுக்கு ஒன்பது வயது. நாங்கள் வாடகைக்கு இருக்கும் டுவார்ட்டேக்கு மேற்கே மன்ரோவியா, கிழக்கே அசூசா. இரண்டும் பத்து, பதினைந்து நிமிடம். உலகத்தில் ‘கோ கார்ட்’ என்று எதையாவது வாங்குவதானால் அதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏனென்று சொல்கிறேன்.

1956ஆம் ஆண்டு. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய கிளெண்டேலில் கர்டிஸ் கிராஃப்ட் என்ற பந்தயக் கார் பட்டறை இருந்தது. பிராங்க் கர்டிஸ் என்பவர் நடத்தியது. இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் 1950, 51, 53, 54, 55 என்று ஐந்து வருடங்கள் ஜெயித்தவை அந்தப் பட்டறையின் கார்கள். அங்கே வேலை பார்த்தவர் ஆர்ட் இங்கல்ஸ். பந்தயக் கார்களுக்குக் குழாய் வளைத்து, தகடு தட்டி உருவம் கொடுக்கிற கை. பெரிய உடம்புக்காரர். பகலெல்லாம் அடுத்தவன் ஓட்டப்போகிற காரைச் செய்துவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக் கார் ஷெட்டில், தனக்கென்று, தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு சின்ன வண்டியைச் செய்தார். நண்பர் லூ போரெல்லி எஞ்சின் வேலையில் கைகொடுத்தார்.

எஞ்சின் விஷயம் சுவாரசியமானது. வெஸ்ட் பெண்ட் என்ற விஸ்கான்சின் கம்பெனி அலுமினியப் பாத்திரம் செய்வதில் பேர் போனது. நம்மூர் மாதிரிச் சொன்னால் பாத்திரக் கம்பெனி. அவர்கள் சின்ன இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களும் செய்தார்கள். புல் வெட்டும் இயந்திரம் ஒன்றுக்காக வாங்கப்பட்ட எஞ்சின்கள், அந்த இயந்திரம் சரிப்படாமல் போனதால் சீந்துவாரின்றிக் கிடங்கில் தேங்கின. இரண்டரைக் குதிரைச் சக்தி. அதில் ஒன்றைத்தான் இங்கல்ஸ் பின்னால் வைத்துக் கட்டினார். முதல் கோ கார்ட் விற்காமல் போன சரக்கில் ஓடியது.

பொமோனாவில் நடந்த ஒரு கார் பந்தயத்துக்கு அதை எடுத்துப்போய், பந்தயக் கார்கள் நிற்கிற இடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிக் காட்டினார் இங்கல்ஸ். பார்த்தவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதில் ஒருவர் டஃபி லிவிங்ஸ்டோன். மன்ரோவியாவில் ராய் டெஸ்புரோவோடு சேர்ந்து புகைக்குழாய் மாட்டுகிற கடை வைத்திருந்தவர். சைலன்சர் கடையில் குழாய் வளைக்கிற இயந்திரம் இருக்கும், ஒட்டுகிற ஆள் இருப்பான். கார்ட் செய்ய வேறென்ன வேண்டும்? பில் ரோல்ஸ் என்ற இன்னொருவர் மிச்சச் சரக்கு வியாபாரத்தில் இருந்தவர், வெஸ்ட் பெண்ட் எஞ்சின்கள் எங்கே தேங்கிக் கிடக்கின்றன என்று அறிந்தவர். மூவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ‘கோ கார்ட் மேனுஃபாக்சரிங் கம்பெனி’. வண்டியைப் பிரித்த பாகங்களாக, 129 டாலருக்கு விளம்பரம் செய்தார்கள். வாங்கி வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டிக்கொள்ள வேண்டியது. வியாபாரம் பெருகி, கம்பெனி அசூசாவுக்குப் போனது. அங்கேயே ஓடுதளமும் போட்டார்கள்.

பெயரைக் கொடுத்தவர் லின் வைன்லேண்ட் என்ற பத்திரிகையாளர். அவர் போட்ட எழுத்து ‘சி’ அல்ல, ‘கே’. ‘சி’ போட்ட கோ கார்ட் என்ற ஆங்கிலச் சொல் அதற்குக் கிட்டத்தட்ட முன்னூறு வருடத்துக்கு முந்தைய காலத்திலிருந்தே உண்டு. குழந்தை பிடித்துக்கொண்டு நடை பழகுகிற மரச்சட்டத்துக்கு அந்தப் பெயர். நம்முடைய நடைவண்டிதான். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. நாற்பது வயதுக்காரர்கள் தங்களுக்குச் செய்துகொண்ட நடைவண்டி.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் எல்லோரும் பாசடீனாவில் ரோஸ் பௌல் மைதானத்தின் வாகன நிறுத்துமிடத்தில் கூடினார்கள். சத்தம் தாங்காமல் சுற்றியிருந்தவர்கள் புகார் செய்ய, துரத்தப்பட்டார்கள். பிறகு வெஸ்ட் கொவீனாவில் புதிதாக வந்திருந்த ஈஸ்ட்லேண்ட் அங்காடி வளாகத்தின் நிறுத்துமிடம். வைக்கோல் கட்டுகளை வரிசையாக அடுக்கினால் பந்தயத் தளம் தயார். 1957 கடைசியில் சங்கம் ஒன்று ஏற்படுத்தி விதிமுறைகள் எழுதினார்கள்.

இது ஏன் இங்கே, அப்போது நடந்தது என்று யோசித்திருக்கிறேன். போர்க்காலத்தில் பர்பேங்கில் லாக்ஹீட், சாண்டா மோனிகாவில் டக்ளஸ் என்று விமானத் தொழிற்சாலைகள் இந்தப் பள்ளத்தாக்குகளையே நிரப்பியிருந்தன. மெல்லிய குழாயை ஓட்டை விழாமல் ஒட்டத் தெரிந்த கைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருந்தன. போர் முடிந்ததும் உபரிச் சாமான் கடைகள் பெருகின. பழத்தோட்டங்களை அழித்து வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் ஷெட். அங்காடி வளாகங்களுக்கு மைதானம் போல வாகன நிறுத்துமிடம். கை, இரும்பு, ஷெட், காலி இடம். இந்த நான்கும் ஒரே ஊரில் சேர்ந்தால் ஏதாவது ஒன்று பிறந்துதான் ஆகவேண்டும்.

ஆனால் அந்த ஷெட் யாருக்குக் கிடைத்தது என்பதும் வரலாறுதான். கர்டிஸ் கிராஃப்ட் இருந்த கிளெண்டேலில் பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் இருக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். அங்கே வேலை செய்யலாம், இரவு தங்க முடியாது. 2020இல்தான் நகர மன்றம் தீர்மானம் போட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டது. வெள்ளையருக்கு மட்டுமே விற்கவேண்டும் என்று வீட்டுப் பத்திரங்களில் எழுதப்பட்டிருந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் வழக்கம் அதோடு போய்விடவில்லை. இந்தியர்களுக்கு இங்கே குடியுரிமை பெறும் வழி 1946இல் திறந்தது. வருடத்துக்கு 100 பேர் குடியேறலாம். 1965 வரைக்கும் அந்தக் கதவு அவ்வளவுதான். 1959இல் இந்தச் சட்டத்தை யாரோ ஒட்டிக்கொண்டிருந்தபோது என்னைப் போன்ற ஒருத்திக்கு இந்தத் தெருவில் வேலை இல்லை. பழைய பொருள்களைப் பார்த்து ‘அது ஒரு பொற்காலம்’ என்று உருகுகிறவர்கள் நடுவே நிற்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்துவிடும். அதனால் அந்தப் பொருள் பிடிக்காமல் போவதில்லை. அதுதான் சிக்கல்.

விலைக்கு வருவோம். என் கணக்கு இப்படி: சேசிஸ் 450. பின் அச்சு, பேரிங், சக்கரம், டயர், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் சேர்ந்தால் குறைந்தது இன்னொரு ஆயிரம். அந்தக் கால வெஸ்ட் பெண்ட் அல்லது மெக்கல்லக் எஞ்சின் நல்ல நிலையில் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக எழுதிவைக்க வேண்டும். வாடகை வீட்டு ஷெட்டில் இடம் அடைக்கும். கணவரின் அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. “அசல்தானா அது?” என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் அவருடைய கவலை முழுக்க இருந்தது. அசல் என்றால் பின்னால் விற்றாவது விடலாம்.

மெக்கல்லக் என்று சொன்னேனே, ராபர்ட் மெக்கல்லக் லாஸ் ஏஞ்சல்ஸில் மரம் அறுக்கிற சங்கிலி ரம்பம் செய்தவர். லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து அரிசோனா பாலைவனத்தில் கட்டினாரே, அந்த மனிதர்தான். ரம்பத்தின் எஞ்சினைக் கார்ட்டுக்கு ஏற்றபடி மாற்றி 1959இல் எம்சி 10 என்று வெளியிட்டது அவர் கம்பெனி. அதுவரை கிடங்கில் தேங்கிய சரக்கை நம்பியிருந்த விளையாட்டுக்கு முதன்முதலாகத் தனக்கென்று ஒரு எஞ்சின் கிடைத்தது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனுக்கு அமெரிக்க விமானப்படைத் தளங்கள் வழியாகப் போனது. இத்தாலிக்குப் போனது, அங்கேயே தங்கிவிட்டது. 1962இல் உலக அளவில் விதிகளைப் பார்த்துக்கொள்ள அமைப்பு வந்தது, 1964இல் ரோமில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. டோனி கார்ட், பிரெல் போன்ற இத்தாலியப் பெயர்கள்தான் இன்றுவரை இந்தத் தொழிலில் பெரியவை.

அவர்கள் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை. காரில் வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்ற டிஃபரன்ஷியல் உதவும். கார்ட்டில் அது இல்லாததால், உள்பக்கப் பின்சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி திரும்பும். எழுப்பிவிடுவது யார்? சேசிஸ்தான். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரங்களின் சாய்மானம் ஒரு மூலையைத் தூக்க, குழாய்கள் முறுக்கிக்கொண்டு உள்பக்கப் பின்மூலையை எழுப்புகின்றன. வளைவு முடிந்ததும் முறுக்கு விடுபடுகிறது. ஒரு சுற்றில் பத்து வளைவு, ஒரு நாளைக்கு நூறு சுற்று. குழாய் ஒருநாள் திரும்பி வருவதை நிறுத்திவிடும். கார்ட் ஓட்டுகிறவர்கள் ‘சேசிஸ் களைச்சுப் போச்சு’ என்பார்கள். பழைய சேசிஸ் வாங்கப்போகிறவர் பெயிண்டைப் பார்க்கக்கூடாது. சமதரையில் வைத்து ஆடுகிறதா, மூலைக்கு மூலை குறுக்களவு ஒன்றாக இருக்கிறதா, கிங்பின் வளையத்தின் அடியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, அடிக்குழாய் தரையில் உரசித் தட்டையாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெக்கானிக்குகளின் விளையாட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பணக்காரர்களின் விளையாட்டானதும் இந்த வளைவில்தான். அயர்டன் சென்னாவுக்கு நான்கு வயதில் அப்பா செய்துகொடுத்த கார்ட்டில் புல்வெட்டி எஞ்சின். மைக்கேல் ஷூமாக்கரின் அப்பா பெடல் கார்ட்டில் மோட்டார்சைக்கிள் எஞ்சினை வைத்துக் கட்டினார். லூயிஸ் ஹாமில்டனின் அப்பா பல வேலைகள் பார்த்து, பலர் ஓட்டிக் கழித்த கார்ட்டில்தான் மகனை உட்காரவைத்தார். இன்றைக்கு முன்வரிசையில் ஓடும் பிள்ளைகளுக்குப் புதிய சேசிஸ் ஒரு பருவம்கூட வருவதில்லை. மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூரில் ‘கரி’ என்றால் போதும், எஸ். கரிவரதன். மில் குடும்பத்துப் பிள்ளை. இங்கல்ஸ் போலக் கூலிக்கு வேலை பார்த்தவரல்ல. ஆனால் கைநகத்தில் கிரீஸ் இருந்தவர் என்று அப்பா சொல்வார். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து, 1988இல் ஃபார்முலா மாருதி என்ற பிரிவையே உண்டாக்கினார். பின்னால் 2005இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியவற்றில் அந்த வண்டியும் ஒன்று. 1995இல் விமான விபத்தில் கரி இறந்தபோது அப்பா பட்டறையை அரை நாள் மூடினார். அவருக்கும் கரிக்கும் நேர்ப்பழக்கம் இல்லை. செட்டிபாளையம் ஓடுதளத்துக்குக் கரியின் பெயர்தான் வைத்தார்கள். பம்பு, மோட்டார், ஃபவுண்டரி, லேத் என்று தெருவுக்குத் தெரு கை இருந்த ஊரில் அதுவும் பிறந்துதான் ஆகவேண்டியிருந்தது.

சரி, மன்ரோவியா ஷெட்.

குறுக்களவு எடுத்தேன். ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் கால் இஞ்ச்சுக்கு மேல் வித்தியாசம். அறுபது வருட வண்டிக்கு அது பெரிய குற்றமில்லை. கிங்பின் வளையம் ஒன்றின் அடியில் வெடிப்பு இருந்தது, அதுவும் எதிர்பார்த்ததுதான். கம்பெனித் தகடு இல்லை. தகடு அடித்திருந்தால் இருக்கவேண்டிய ரிவிட் ஓட்டையும் இல்லை. இடிக்க ஆரம்பித்தது. பிறகு துருவைப் பார்த்தேன். ஒட்டிய இடங்களைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குத்தான் துரு. பெயிண்ட் உதிர்ந்த நடுக்குழாயில் ஒரு பொட்டுத் துரு இல்லை. நியாயமாக இரண்டும் ஒன்றாகத்தானே பிடிக்க வேண்டும்? உப்புத்தாளால் தேய்த்தேன். மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு தெரிந்தது. வெர்னியரில் குழாயின் வெளிவிட்டம் 1.05 இஞ்ச். அந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு, ஒரு வாரம் யோசித்துச் சொல்கிறேன் என்று அந்தம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி, அங்கே ஞாயிறு காலை, அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். போட்டோக்களை முன்பே அனுப்பியிருந்தேன்.

“ஏனுங்கப்பா, பாத்தீங்களா?”

“பாத்தேன். வெளிவிட்டம் எத்தனைன்னு சொன்னே?”

“ஒண்ணு புள்ளி பூஜ்யம் அஞ்சு இஞ்ச்சுங்க. இருபத்தாறே முக்கால் மில்லி வருது.”

“அப்பறம் என்ன அம்மிணி, கண்ண மூடிட்டுச் சொல்லலாம். முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பு. தண்ணிக் குழா.”

குழாய்க்கடை வழக்கு அது. முக்கால் இஞ்ச் என்பது பெயர்தானே தவிர, அளந்தால் வெளியே 1.05 வரும், அமெரிக்காவிலும் அப்படித்தான். கார்ட் கம்பெனிக்காரன் தண்ணீர்க் குழாயை வாங்கி வளைக்கமாட்டான், அவனுக்கு வேறு குழாய் இருக்கிறது. அப்பா தொடர்ந்தார். “ஒட்டுன எடத்துல மட்டும் துரு ஏன் வந்துச்சு? சூட்டுல ஜிங்க்கு எரிஞ்சு போயிருச்சு. மத்த எடத்துல பூச்சு அப்படியே நிக்குது. பின்னால பம்பர் குழா முனையப் பெருசு பண்ணிப் பாரு. மூணு மரை தெரியுது பாரு. மரை போட்ட பைப்ப அறுத்துருக்கான்.”

தெரிந்தது. நான் நேரில் பார்த்தும் அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

“அப்ப டூப்ளிகேட்டுங்களா?”

“அதென்ன பேச்சு. வளைவப் பாத்தியா? ஒரு எடத்துலயும் நசுங்கல. மணல் ரொப்பி, மரக்கட்டை அடிச்சு மூடி வளைச்சிருக்கான். வேலைக்காரன். ஆனா ஒட்டறப்போ புகையக் குடிச்சிருப்பான். அன்னைக்கு ராத்திரி குளிர் காச்சல் வந்திருக்கும் அவனுக்கு.”

ஜிங்க் பூசிய குழாயை ஒட்டினால் வெள்ளைப் புகை வரும். மூச்சில் போனால் சாயங்காலம் உடம்பு நடுங்கும், காய்ச்சல் அடிக்கும், ஓரிரு நாளில் விட்டுவிடும். அப்பாவுக்குச் சின்ன வயதில் நான்கைந்து முறை அடித்ததைப் பார்த்திருக்கிறேன். அம்மா பால் காய்ச்சிக் கொடுப்பாள். பாலுக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று என் வகுப்பு ஆசிரியர் சொன்னார். இருக்கட்டும்.

அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன். இது அசூசா கம்பெனியின் வண்டி இல்லை. 450 டாலர் பெறாது. கணவரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, விஷயம் முடிந்தது. ஆனால் எனக்கு இப்போதுதான் அது வேண்டும்போல் இருந்தது. அந்த வருடங்களில் கைவேலைப் பத்திரிகைகள் கார்ட் வரைபடங்களை வெளியிட்டன. 129 டாலர் கொடுக்க முடியாத வீடுகளில் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார்கள். வரலாற்றில் பெயர் இருப்பது இங்கல்ஸுக்கும் லிவிங்ஸ்டோனுக்கும்தான். அவர்களுடைய கம்பெனி வண்டிகளைச் சேகரிக்கிறவர்கள் குரோம் பூசிப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயில் செய்தவற்றை யார் வைத்திருப்பார்கள்? பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும்.

இன்னொரு தொல்லை. அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்வதா? சொன்னால், விலையைக் குறைக்கிற தந்திரம் போலத் தெரியும். அண்ணனைப் பற்றி அறுபது வருடமாக நம்பிய ஒன்றை, அவர் இறந்த ஆறு மாதத்தில், முன்பின் தெரியாத ஒருத்தி வந்து பொய் என்று சொல்வது. சொல்லாவிட்டால், பொய்யை 450 டாலருக்கு வாங்கி, அதே அட்டையோடு நாளைக்கு இன்னொருவனுக்கு விற்பேனா?

அடுத்த சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். மரையைக் காட்டினேன். துருவைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “எங்க அப்பா பிளம்பர்” என்றார்.

இருவருக்கும் உடனே சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

“கடையில வாங்கினதுன்னு பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். எங்கிட்டயும் அதத்தான் சொன்னான். அப்பா மறுத்துப் பேசினதே இல்ல” என்றார். மறுபடி சட்டத்தைப் பார்த்தார். “என்னைய ஓட்ட விட்டதில்ல. பொண்ணுங்க ஓட்டக்கூடாதாம்.” பிறகு கேட்டார்: “இப்ப இதுக்கு விலை குறையணுமா, கூடணுமா?”

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அவருக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், நான் வருத்தப்படமாட்டேன் என்றேன். மகன் ஊரில் இரண்டு அறை வீட்டுக்குப் போகிறேன், இதை எங்கே வைப்பது என்றார். 300 கொடுத்தேன். அட்டையை அவிழ்த்து அவரே கிழித்துப் போட்டார். அந்த ஷெட்டில் ஒரு மரப்பலகையில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு குழாய் ரெஞ்ச் மாட்டியிருந்தது. போன வாரமும் அது அங்கேதான் இருந்திருக்கும். நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வண்டியின் பின் இருக்கையை மடக்கி, சட்டத்தைப் போர்வையில் சுற்றி ஏற்றினோம். வீட்டில் மகன் அதன் நடுவே தரையில் உட்கார்ந்து வாயாலேயே எஞ்சின் ஓட்டினான். கணவர், “முன்னூறா?” என்றார். “அசல் இல்லை” என்றேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். மரையைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஷெட்டில் சைக்கிள்களை நகர்த்தி இடம் பண்ணினார்.

பழையபடி புதுப்பிப்பது என்றால் என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. பெயிண்ட் முழுக்கச் சுரண்டினால் துருவின் கணக்கு போய்விடும். குறுக்களவை நேராக்கினால் வளைத்தவர் வைத்த கோணமா, பையன் மோதி வளைத்ததா என்பது பிறகு தெரியாது. கிங்பின் வெடிப்பை மட்டும் ஒட்டியாக வேண்டும், அதில்லாமல் சக்கரம் மாட்ட முடியாது. சின்ன எஞ்சின், காலி நிறுத்துமிடம், மெதுவான வேகம் என்றால் தண்ணீர்க் குழாய் தாங்கும் என்பது அப்பாவின் கணிப்பு.

போன வாரம் பேசும்போது, வெடிப்பை நான் இந்த சனிக்கிழமை ஒட்டப்போகிறேன் என்றேன்.

“ஜிங்க்க எடுத்தியா?”

“இல்லீங்க. கிரைண்டர்ல எடுத்தா ஆகாதுங்களா?”

“ரெண்டு பக்கமும் மூணு இஞ்ச் எடுக்கோணும். உள்பக்கமும் பூச்சு இருக்கும், அத மறந்துராதே. ஃபேன் போட்டு, காத்து முதுகுப் பக்கம் இருந்து வர்ற மாதிரி நின்னுக்கோ. எந்த ராடு வெச்சிருக்கே?”

சொன்னேன். “அது வேண்டாம்” என்றார். சட்டென்று கேமராவைத் திருப்பி, அம்மாவிடம் அந்த மரப்பெட்டியை எடுத்துவரச் சொன்னார். பட்டறையை மூடியபோது எதையெல்லாம் விற்றார், எதை வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் அவருடைய கறுப்புக் கண்ணாடியும் கையுறையும் இருந்தன.

“மே மாசம் டிக்கெட் போட்டிருக்கியில்ல,” என்றார், “அதுவரைக்கும் பழைய பைப்புத் துண்டுல ஒட்டிப் பழகு. அதத் தொடாதே.”